இருதயத்தைச் சுற்றித் தண்ணீர்!
எடுத்த பிறகும் மறுபடி சேருகிறதே, ஏன்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறை. அங்கே வேலை செய்யும் ஒரு தொழிலாளியை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். வயது 40. வீடு ஆவடியில். மனைவி, இரண்டு பிள்ளைகள். தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போய் வருகிறார்.

ஒரு நாள் ரயில் நிலையப் படிக்கட்டில் ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. பாதிப் படியில் நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "வயசாகுதில்ல" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மேலே ஏறினார்.

ஒரு வாரம் கழிந்தது. இரவில் படுத்தால் நெஞ்சு அடைத்தது. எழுந்து உட்கார்ந்தால் சுகமாக இருந்தது. தலையணையை மடியில் வைத்து, அதன் மேல் குனிந்தபடியே தூங்கினார்.

"ஏங்க, கால் ரெண்டும் வீங்கியிருக்கே!" என்றாள் மனைவி.

"நின்னுக்கிட்டே வேலை செய்யறேன் இல்ல, அதான்" என்றார் அவர்.

அது காரணம் அல்ல. எட்டு மாதத்துக்கு முன்பும் அவருக்கு இப்படித்தான் வந்தது. அப்போது பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருதயத்தைச் சுற்றித் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஊசி போட்டுத் தண்ணீரை எடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். அவரும் பிழைத்து வீட்டுக்கு வந்தார்.

இப்போது தண்ணீர் மறுபடியும் சேர்ந்துவிட்டது!

இது யாரோ ஒருவருடைய கதை அல்ல. இப்படி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பலர். பெயரும் ஊரும்தான் மாறும். எடுத்த தண்ணீர் ஏன் திரும்பி வருகிறது? அது எங்கிருந்து வருகிறது? பார்ப்போம்.

இருதயத்துக்கு ஒரு பை

மனிதனுடைய இருதயம் அவனவன் கைமுட்டி அளவுதான் இருக்கும். அது ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது.

இந்த இருதயம் நெஞ்சுக்குள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கவில்லை. ஒரு பைக்குள் இருக்கிறது. பைக்கு இரண்டு உறைகள் உண்டு. உள் உறை இருதயத்தோடு ஒட்டியது. வெளி உறை கெட்டியானது, தோல் போன்றது. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். அது நோய் அல்ல. வண்டி அச்சுக்கு எண்ணெய் போடுகிறோம் அல்லவா? அது போல, உரசாமல் துடிப்பதற்காக இயற்கை வைத்த எண்ணெய் அது.

எவ்வளவு இருக்கும்? 15 முதல் 50 மில்லி வரை. அதாவது, 3 டீஸ்பூனிலிருந்து 10 டீஸ்பூன். அவ்வளவுதான்.

இந்தத் தண்ணீர் ஒரு பக்கம் ஊறிக்கொண்டே இருக்கும். மறு பக்கம் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். பையின் உறை புண்ணாகி வீங்கினால் ஊறுவது அதிகமாகிவிடும். அல்லது உறிஞ்சும் வழி அடைபடும். அப்போது தண்ணீர் தங்கும்.

வேகம்தான் ஆபத்து

இங்கே ஒரு அதிசயம். ஒருவருக்கு 200 மில்லி சேர்ந்தாலே உயிர் போகலாம். இன்னொருவர் ஒரு லிட்டருக்கு மேல் சுமந்துகொண்டு நடந்தே ஆஸ்பத்திரிக்கு வருவார்! அது எப்படி?

புதுச் செருப்பை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் காலைக் கடிக்கும். நாளாக ஆகத் தோல் இளகிக் கொடுக்கும். இருதயப் பையும் அப்படித்தான். தண்ணீர் வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சேர்ந்தால், பை மெல்ல விரிந்து இடம் கொடுக்கிறது. திடீரென்று சேர்ந்தால் அது விரியாது. கத்திக்குத்து, விபத்து போன்றவற்றில் பைக்குள் ரத்தம் கொட்டும்போது இப்படி நடக்கும்.

வெளி உறை விரியாவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? உள்ளே இருக்கும் இருதயத்தைத்தான் அழுத்தும். அழுத்தினால் இருதயம் விரிய முடியாது. விரியாவிட்டால் அதற்குள் ரத்தம் நிரம்பாது. நிரம்பாத குடத்திலிருந்து எதை ஊற்றுவது? ரத்த அழுத்தம் இறங்குகிறது. உடம்பு சில்லிடுகிறது. குப்பென்று வேர்க்கிறது. மயக்கம் வருகிறது. இந்த நிலை வந்துவிட்டால் நேரம் மணிக்கணக்கில் இல்லை. உடனே தண்ணீரை எடுக்க வேண்டும்.

மெல்லச் சேர்ந்தவரும் இந்த ஆபத்துக்குத் தப்பியவர் அல்ல. பை விரிவதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. எல்லையைத் தொட்ட பிறகு இன்னும் சில ஸ்பூன் தண்ணீர் போதும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

நோயாளிக்குத் தெரிவது என்ன? நடந்தால் மூச்சு வாங்கும். மல்லாந்து படுக்க முடியாது. நெஞ்சில் வலி இருந்தால், முன்னால் குனியும்போது அது குறையும், படுத்தால் கூடும். நெஞ்சில் கல்லை வைத்தது போன்ற பாரம். சிலருக்கு விக்கல், வறட்டு இருமல். சாப்பாடு இரண்டு கவளத்துக்கு மேல் இறங்காது. கால் வீங்கும். வயிறு உப்பும். வயிறு உப்பியதைப் பார்த்துவிட்டு ஈரல் நோய் என்று எண்ணி மாதக்கணக்கில் அதற்கு மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு.

டாக்டர் பார்ப்பது வேறு. அவர் முதலில் கழுத்தைப் பார்ப்பார். கழுத்து நரம்பு புடைத்து நிற்கிறதா? இருதயத்துக்குள் போக முடியாத ரத்தம் அங்கே தேங்கி நிற்கும். பிறகு ரத்த அழுத்தம் குறைவா? ஸ்டெதாஸ்கோப்பில் இருதய ஓசை, கம்பளி போர்த்திய மத்தளம் போல மங்கிக் கேட்கிறதா? இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னவர் அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக். ஆண்டு 1935.

நாடியிலும் ஒரு விந்தை தெரியும். மூச்சை உள்ளே இழுக்கும்போது நாடி மெலிந்துபோகும். சிலருக்குக் கைக்கு எட்டாமலே மறையும். மூச்சை விட்டதும் திரும்ப வரும். ஜெர்மனி தேசத்து டாக்டர் குஸ்மால் 1873-ல் இதை எழுதி வைத்தார். எந்த மிஷினும் வேண்டாம், மூன்று விரல் போதும்!

மிஷின் இல்லாத காலத்து இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரியா நாட்டில் ஆவன்ப்ரூக்கர் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவருடைய தகப்பனார் விடுதி நடத்தியவர். பீப்பாயில் எவ்வளவு பானம் மிச்சம் இருக்கிறது என்று விரலால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்களாம். நம் வீட்டுப் பெண்கள் சந்தையில் பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பதில்லையா? மகன் அந்த வித்தையை நோயாளியின் நெஞ்சில் செய்து பார்த்தார். காற்று இருக்கும் இடம் ஒரு விதமாக ஒலித்தது. தண்ணீர் இருக்கும் இடம் 'மொத்' என்றது. 1761-ல் அவர் இதைப் புத்தகமாகப் போட்டார். இன்றைக்கும் டாக்டர் நெஞ்சில் விரலை வைத்துத் தட்டுகிறாரே, அது அவர் காட்டிய வழிதான்.

எக்ஸ்ரே எடுத்தால் இருதயத்தின் நிழல் இரண்டு பக்கமும் சரிந்து, அடி பருத்த தண்ணீர்க் கூஜா மாதிரி தெரியும். இ.சி.ஜி.யில் கோடுகள் குட்டையாக இருக்கும். ஆனால் சந்தேகம் இல்லாமல் காட்டுவது 'எக்கோ'.

கப்பல் பட்டறையிலிருந்து வந்த மிஷின்

எக்கோ மிஷின் பிறந்த கதை, பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு மிகவும் பிடிக்கும். வார்ப்பில் உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பிப் பார்ப்பார்கள். அம்பத்தூர், ஆவடி தொழிலாளிகளுக்கு இது புதிதல்ல.

ஸ்வீடன் நாட்டில் எட்லர் என்ற இருதய டாக்டரும், ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானியும் நண்பர்கள். உலோகத்துக்குள் பார்க்கும் மிஷின் மனித உடம்புக்குள் பார்க்காதா என்று யோசித்தார்கள். மால்மோ நகரத்துக் கப்பல் கட்டும் பட்டறையில் அப்படி ஒரு மிஷின் இருந்தது. அதைக் கேட்டு வாங்கி இருதயத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். 1953-ல் துடிக்கும் இருதயத்தின் சுவர் அசைவது அதில் தெரிந்தது! 1965-ல் அமெரிக்க டாக்டர் ஃபைகன்பாம், இருதயத்தைச் சுற்றியுள்ள தண்ணீரை இதே ஒலியால் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்.

இன்று எக்கோவுக்கு வலி இல்லை, ஊசி இல்லை. தண்ணீர் எவ்வளவு, இருதயத்தை அழுத்துகிறதா என்று சில நிமிஷத்தில் சொல்லிவிடலாம். ஆனால் தண்ணீர் ஏன் வந்தது என்று எக்கோ சொல்லாது. அதைத்தான் டாக்டர்கள் துப்பறிய வேண்டியிருக்கிறது.

குற்றவாளி யார்?

மேல் நாடுகளில் இப்படி வந்தால் முதலில் வைரஸ் கிருமியைச் சந்தேகிப்பார்கள். சளி, காய்ச்சல் மாதிரி வந்து, பையைப் புண்ணாக்கிவிட்டுப் போகும் கிருமிகள் அவை. நம் நாட்டில் தண்ணீர் நிறையச் சேர்ந்து வந்தால் டாக்டரின் மனம் முதலில் போவது வேறொரு பக்கம்.

காசநோய்!

நம் பாட்டன்மார் 'க்ஷயம்' என்று பயந்த அதே நோய்தான். அது நுரையீரலில் மட்டும் வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். தவறு. நகமும் முடியும் தவிர எங்கும் வரலாம். நெஞ்சின் நடுவில் நெறிக்கட்டிகள் இருக்கின்றன. அவற்றில் தங்கிய கிருமி பக்கத்தில் இருக்கும் இருதயப் பைக்குள் நுழைந்துவிடுகிறது. சில சமயம் ரத்தத்தின் வழியாகவும் போகிறது. கிருமியை எதிர்த்து உடம்பு போராடுகிறது. அந்தப் போராட்டத்தில் ஊறுவதுதான் தண்ணீர். பெரும்பாலும் வைக்கோல் நிறமாகவோ, ரத்தம் கலந்தோ இருக்கும்.

அடையாளம் என்ன? மாலையில் லேசான ஜுரம். இரவில் வேர்வை. உடம்பு இளைப்பது. இடுப்பில் பேன்ட் நிற்காது. இருமல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருமல் இல்லாததால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

பையில் மட்டும் காசநோய் இருப்பவர் மூச்சினால் அது மற்றவர்களுக்குப் பரவுவதில்லை. தட்டு, தம்ளரைத் தனியாக வைக்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு நுரையீரலிலும் இருக்கிறதா என்று சளியைச் சோதிக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

காசநோய் மட்டும்தான் காரணமா? இல்லை. தைராய்டு சுரப்பி மந்தமானாலும் தண்ணீர் சேரும். பெண்களிடம் இது அதிகம். உடம்பு கனத்து, குரல் கரகரத்து, எந்நேரமும் குளிர்கிறது என்பார்கள். தைராய்டு மாத்திரையைக் கொடுத்தால் மாதக்கணக்கில் தண்ணீர் தானாக வற்றிவிடும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் சேரும். 'லூப்பஸ்' என்று ஒரு வியாதி, இளம் பெண்களுக்கு மூட்டுவலியோடும் முகத்தில் சிவந்த தடிப்போடும் வருவது, அதிலும் சேரும். இருதய ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் கழித்துச் சிலருக்குச் சேரும்.

புற்றுநோயைச் சொல்லாமல் விட முடியாது. நுரையீரல், மார்பகம் ஆகிய இடங்களில் வந்த புற்றுநோய் இருதயப் பைக்குப் பரவுவதுண்டு. அந்தத் தண்ணீர் எடுக்க எடுக்கச் சீக்கிரம் நிரம்பும். அதனால்தான் வயதானவருக்குத் தண்ணீர் வேகமாகத் திரும்பி வந்தால், தண்ணீரில் புற்று அணுக்கள் இருக்கின்றனவா என்று தேடுகிறார்கள்.

ஊசியும் குழாயும்

தண்ணீர் எடுப்பது என்றால் குடும்பமே நடுங்கிப்போகிறது. "இருதயத்துல ஊசி குத்தறாங்களாமே!" என்று பேச்சு பரவுகிறது.

ஊசி இருதயத்தில் குத்தப்படுவதில்லை. பையில்தான். நடுநெஞ்சு எலும்பின் அடியிலோ, விலாவின் இடையிலோ மரத்துப்போக மருந்து போட்டு, எக்கோவில் பார்த்துக்கொண்டே ஊசியை நுழைக்கிறார்கள். மெல்லிய குழாய் ஒன்றை விட்டு ஓரிரு நாள் வைத்திருப்பதும் உண்டு. 1840-ல் வியன்னா நகரத்தில் ஃபிரான்ஸ் ஷூ என்ற டாக்டர் இப்படித் துளைத்துத் தண்ணீரை எடுத்தார். அவருக்கு எக்ஸ்ரே இல்லை, எக்கோ இல்லை, மயக்க மருந்தும் இல்லை. அதை எண்ணிப் பார்த்தால் இன்றைய நோயாளி கொடுத்துவைத்தவர்!

எடுத்த தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது. அதில்தான் துப்பு இருக்கிறது. ஏ.டி.ஏ. என்ற பொருள் அதில் 40 யூனிட்டுக்கு மேல் இருந்தால், காசநோய் என்ற சந்தேகம் பலப்படும். கிருமியின் ஜீனைத் தேடும் சோதனை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கிருமி இருக்கிறதா, முக்கியமான மருந்துக்கு அது அடங்குமா என்ற இரண்டையும் சொல்லும். ஆனால் பையின் தண்ணீரில் கிருமி எண்ணிக்கை குறைவு. அதனால் சோதனையில் தென்படாமலும் போகலாம். அப்போது டாக்டர் எல்லா அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்கிறார்.

ஏன் திரும்பி வருகிறது?

கூரை ஒழுகுகிறது. கீழே அண்டாவை வைக்கிறோம். நிரம்பினால் கொட்டுகிறோம். கூரையை மாற்றும் வரை அண்டா நிரம்பிக்கொண்டேதான் இருக்கும். தண்ணீர் எடுப்பது அண்டாவைக் கொட்டுவது. அது அன்றைக்கு உயிரைக் காப்பாற்றும். காரணத்தைக் கண்டுபிடித்து மருந்து கொடுப்பதுதான் கூரை வேலை.

காரணம் தெரியாமலே போனால் தண்ணீர் வரும். காரணம் தெரிந்தும் மருந்தை நிறுத்தினால் வரும். கிருமி மருந்துக்கு அடங்காததாக இருந்தாலும் வரும்.

நம் ஆவடித் தொழிலாளி என்ன செய்தார்? 6 மாத மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாவது மாதத்தில் மூச்சு சீரானது. பசி எடுத்தது. எடை ஏறியது. மூன்றாவது மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டார். "நல்லாத்தானே இருக்கேன், இனிமே எதுக்கு?" என்பது அவர் வாதம். மாத்திரை வாங்கப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும் என்பது அதற்குப் பின்னால் இருந்த உண்மை. அதையும் சொல்லத்தான் வேண்டும். வயிற்றுப்பாட்டை மறந்துவிட்டு நோயாளியைத் திட்டுவது சுலபம்.

காசநோய்க் கிருமி மெதுவாகப் பெருகும் கிருமி. அதில் ஒரு கூட்டம் தூங்குவது போலப் பதுங்கி இருக்கும். முதல் இரண்டு மாதத்தில் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடுகின்றன. உடம்பு தேறிவிடுகிறது. மீதி நான்கு மாத மாத்திரை அந்தப் பதுங்கியிருக்கும் கூட்டத்துக்காக.

வைரஸ் வகையில் கதை வேறு. முதல் தடவை வந்து குணமானவர்களில் 100-க்கு 15 முதல் 30 பேருக்கு அது திரும்ப வருகிறது. கிருமி போன பிறகும் உடம்பின் படை சண்டையை நிறுத்துவதில்லை. அதுதான் காரணம். ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்துச் சட்டென்று நிறுத்தினாலும் திரும்பும்.

இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. பெயர் கோல்சிசின். அது நம் செங்காந்தளில் இருக்கிறது! ஆம், தமிழ்நாட்டின் மாநில மலரான அதே கார்த்திகைப் பூ. கிராமத்தில் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்பார்கள். தாராபுரம், மூலனூர்ப் பக்கம் பந்தல் போட்டு அதைப் பயிர் செய்கிறார்கள். விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. இத்தாலி டாக்டர்கள் 2005-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கோல்சிசின் கொடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது தெரிந்தது.

அவசரப்பட்டுக் கிழங்கைத் தோண்டிவிடாதீர்கள்! அது கொடிய விஷம். தின்றவர்கள் செத்திருக்கிறார்கள். மருந்துக்கும் விஷத்துக்கும் உள்ள வித்தியாசம் மில்லிகிராமில் இருக்கிறது. அதோடு, காசநோயால் வந்த தண்ணீருக்கு இது மருந்தும் அல்ல.

பை கெட்டிப்பட்டால்?

தண்ணீர் திரும்பத் திரும்ப வந்தால் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. பையின் இரண்டு உறைகளும் ஒட்டிக்கொண்டு தடித்துப்போகும். சிலருக்குச் சுண்ணாம்பு படிந்து ஓடு மாதிரி ஆகிவிடும். அப்போது தண்ணீரே இல்லாமல் பையே இருதயத்தை நெரிக்கும். மாத்திரையால் அது இளகாது. நெஞ்சைத் திறந்து தடித்த பையை உரித்து எடுக்க வேண்டும். பெரிய ஆபரேஷன்.

அதைத் தடுக்க ஸ்டீராய்டு உதவுமா? ஆப்பிரிக்காவில் 8 நாடுகளில் 1,400 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். தென்னாப்பிரிக்க டாக்டர் போங்கானி மயோசி அதற்குத் தலைவர். 2014-ல் முடிவு வந்தது. ஸ்டீராய்டு சாவைக் குறைக்கவில்லை. ஆனால் பை நெரிப்பது குறைந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் புற்றுநோய் அதிகமானதும் தெரிந்தது. ஆகவே யாருக்குக் கொடுப்பது என்று டாக்டர்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் மருந்து அல்ல அது.

சென்னை உலகத்துக்குச் சொன்ன பாடம்

காசநோய் விஷயத்தில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியாக நகரத்துக்குள் வருகிறவர்கள் சேத்துப்பட்டின் பக்கமாகத்தான் போகிறார்கள். அந்த இடத்தில் நடந்த காரியம் அவர்களில் பலருக்குத் தெரியாது.

முன்பு காசநோய் வந்தால் சானடோரியம்தான் கதி. தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் சௌரி முத்து ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு இவைதான் அன்றைய வைத்தியம். ஏழைக்கு அவ்வளவு கட்டில் எங்கே கிடைக்கும்?

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஒன்று திறக்கப்பட்டது. இப்போது அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம். ஆங்கிலேயரான டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அங்கே ஒரு சோதனையை நடத்தினார். சென்னையின் ஏழை வீடுகளிலிருந்து வந்த 193 நுரையீரல் காசநோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதியை வீட்டிலேயே விட்டார்கள். இரு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

சானடோரியத்தில் முட்டை, பால், ஓய்வு. வீட்டிலோ நெரிசல், அரைவயிறு, வேலை. எது ஜெயிக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஆனால் 1959-ல் வெளிவந்த முடிவு உலகத்தையே திகைக்க வைத்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணம்! வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. கட்டிலை விட மாத்திரை முக்கியம், அதைத் தவறாமல் சாப்பிடுவது முக்கியம் என்று தெரிந்தது. அதன் பிறகு நாட்டுக்கு நாடு சானடோரியங்கள் காலியாகத் தொடங்கின.

இருதயத்தைச் சுற்றித் தண்ணீர் வந்தவர் முதலில் ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும். அதில் மாற்றம் இல்லை. ஆபத்து நீங்கிய பிறகு அவர் வீட்டில் இருந்தபடி 6 மாத மருந்தை முடிக்க முடிகிறதே, அதற்கு வழி காட்டியவர்கள் அந்த 193 பேர்.

மேற்குப் பக்கத்து ஜனங்களும் சும்மா இருக்கவில்லை. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கத்தில், சுமார் 3,60,000 பேரிடம் பி.சி.ஜி. ஊசியைப் பற்றிய சோதனை தொடங்கியது. 1979-ல் முதல் முடிவு வந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை! எதிர்பாராத செய்திதான். ஆனால் உண்மை தெரிந்தது. கைக்குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் கொடிய காசநோயை அது தடுக்கிறது. அதனால்தான் பிறந்ததும் இன்றும் போடுகிறார்கள்.

அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிலையம் இருக்கிறது. வாசலில் பஸ் ஏறுகிறவர்களுக்குக்கூட உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. 2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இந்த நிலையத்தின் துணையோடு நடக்கிறது. காசநோய் என்று தெரிந்ததும் நர்ஸ் சில விஷயங்களைப் பார்க்கிறார். எடை மிகவும் குறைந்திருக்கிறதா? மூச்சு வேகமா? ரத்தத்தில் பிராணவாயு போதுமா? தாங்காமல் நிற்க முடிகிறதா? கால் வீங்கியிருக்கிறதா? மோசமாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். கால் வீக்கம்! ஆவடித் தொழிலாளி "நின்று வேலை செய்வதால்" என்று தள்ளிவிட்ட அதே அடையாளம்.

பணம், சம்பளம், மாத்திரை

காசநோய் மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் 2018 முதல் வங்கிக் கணக்கில் போடப்பட்டது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். தனியார் டாக்டரிடம் வைத்தியம் செய்துகொள்பவருக்கும் பெயர் பதிவாகியிருந்தால் உண்டு.

தொழிற்பேட்டைக்காரர்கள் இதையும் கேளுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு நோயால் வேலைக்குப் போகாத நாட்களுக்குப் பணம் உண்டு. காசநோய் நீண்ட கால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. விதிப்படி இரண்டு வருஷ வேலை முடித்தவருக்கு, தினச் சம்பளத்தில் 100-க்கு 80 பங்கு வரை நீண்ட காலம் கிடைக்கும். மேஸ்திரியிடம் கேட்பதை விட இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்பது நல்லது.

மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது ரத்தம் அல்ல, மாத்திரையின் நிறம். ஆனால் கண் மஞ்சளானாலும், வாந்தி நிற்காவிட்டாலும், பார்வை மங்கினாலும் தாமதம் இல்லாமல் டாக்டரிடம் போக வேண்டும். உட்கார்ந்தும் மூச்சு அடங்காமல், சில்லென்று வேர்த்து, தலை சுற்றினால் ஆட்டோவைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். "முன்னேயே இருதயத்தைச் சுற்றித் தண்ணீர் எடுத்தவர்" என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை டாக்டருக்குப் பாதி வேலையை மிச்சமாக்கும். பழைய எக்கோ காகிதம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

ஆவடித் தொழிலாளிக்கு இரண்டாம் தடவை முக்கால் லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள். கிருமி மருந்துக்கு அடங்கும் கிருமிதான் என்று சோதனை சொன்னது. மாத்திரையை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பட்டறையில் லேசான வேலைக்கு மாற்றிக்கொடுத்தார்கள்.

இந்தத் தடவை மாத்திரையின் பொறுப்பு அவரிடம் இல்லை. மனைவி எடுத்துக்கொண்டாள். காலியான மாத்திரை அட்டைகளை அவள் எறிவதில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பெரிய பிள்ளை அவற்றைக் கொட்டி எண்ணுகிறான்.

"அப்பா, நாலு மாசம் முடிஞ்சுது."

"இன்னும் ரெண்டு மாசம் இருக்குங்க" என்று அடுப்படியிலிருந்து அவள் குரல் வருகிறது.